இரண்டு பெட்டிகள் போதும்: வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்குவோர் கவனத்திற்கு

கொக்குவிலிலும் அதன் அயற்கிராமங்களிலும் சுருட்டுத் தொழில் செழித்திருந்த காலத்தில், கொட்டிலில் தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் அவர்களுக்குப் பத்திரிகையை உரத்து வாசிக்கும் வழக்கம் இருந்தது. கொட்டிலின் கடைசி மூலையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும் என்பதே வாசிப்பவருக்கு விதிக்கப்பட்ட ஒரே நிபந்தனை. பின்னர் வாசிகசாலைகளுக்கு வானொலி வந்தது. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தபோது, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் செய்தியும் பாடலும் கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கிறது. வண்டி டைனமோ ஒன்று தரக்கூடியது ஏறத்தாழ மூன்று வாற் மின்சாரம். அந்த மூன்று வாற்றில் ஒரு வீட்டார் மட்டுமன்றி வேலிக்கு அப்பால் நின்ற அயலவரும் செய்தி கேட்டார்கள்; கேட்டது விளங்கியது.

இன்று காங்கேசன்துறை வீதி வழியே யாழ்ப்பாண நகரை நோக்கிச் செல்லும் ஒருவர், மின்பொருட் கடைகளின் கண்ணாடிகளுக்குப் பின்னால் 3000 வாற், 5000 வாற் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பொதிகளைக் காண்கிறார். ஐந்து சிறிய பெட்டிகளும் ஒரு பெரிய பெட்டியும் கொண்ட ‘ஹோம் தியேட்டர்’ தொகுதிகள் அவை. தொலைக்காட்சிப் பெட்டிகள் மெலிந்து தட்டையாகிவிட்டமையால், அவற்றுக்குள் கட்டைவிரல் அளவான ஒலிபெருக்கிகளையே பொருத்த முடிகிறது. அவையும் பெரும்பாலும் நிலத்தையோ சுவரையோ பார்த்தபடி இருக்கின்றன. ஆகவே தனியாக ஒலிபெருக்கி வாங்கவேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. எதை வாங்குவது என்பதில்தான் பெரும்பாலானோர் பணத்தை இழக்கின்றனர்.

கொக்குவிலில் எமக்கு அறிமுகமான ஒரு வீட்டில் நாம் கண்டது இது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் ஆறு பெட்டிகள் கொண்ட தொகுதி வாங்கப்பட்டிருந்தது. பெரிய பெட்டி கதவு மூலையில் இருந்தது. பின்னால் இருக்கவேண்டிய இரு சிறு பெட்டிகளும் ஷோகேஸின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. ஏனெனில் மண்டபத்தின் மறுபக்கம் விறாந்தைக்குத் திறக்கிறது; பெட்டியை மாட்ட அங்கு சுவரே இல்லை. திரைப்படம் ஓடியது, யன்னற் கண்ணாடி அதிர்ந்தது, செற்றியில் அமர்ந்திருந்த வயோதிபத் தாயார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பேரனிடம், “தம்பி, உவன் இப்ப என்ன சொன்னவன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் செவி மந்தம் என்று வீட்டார் கருதியிருந்தனர். ஆனால் விறாந்தையில் நாம் தாழ்ந்த குரலில் பேசியபோது அவர் தடையின்றி விடையளித்தார். செவி ஓரளவு சரியாகத்தான் இருந்தது. பெட்டிகள்தாம் பேசவில்லை.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, முதலில் அந்த 5000 வாற் என்னும் எண்ணைப் பார்க்கவேண்டும். பொதிகளில் ‘பீ.எம்.பீ.ஓ.’ என்று குறிக்கப்படும் இந்த அளவு எந்தச் சர்வதேச நியமத்துக்கும் உட்பட்டதல்ல. உற்பத்தியாளர் தாம் விரும்பியவாறு கணித்து, விரும்பியவாறு அச்சிடலாம். ஒரு கணப்பொழுதில் எழக்கூடிய உச்சத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் கற்பனை செய்து, அதனை ஆறால் பெருக்கி எழுதுவோரும் உளர். இதற்கு மாறாக ‘ஆர்.எம்.எஸ்.’ என்பது தொடர்ச்சியாகத் தரக்கூடிய வலுவைக் குறிக்க வழங்கும் அளவு. பொதியில் இவ்விரண்டும் இருந்தால் பின்னதை மட்டும் பாருங்கள். பின்னது இல்லையாயின் பெட்டியின் பின்புறத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். அது எவ்வளவு மின்சாரம் நுகரும் என்பது பெரும்பாலும் அங்கு பொறிக்கப்பட்டிருக்கும். 60 வாற் நுகரும் கருவி ஒருபோதும் 5000 வாற் ஒலிவலுவைத் தராது. உட்செல்வதை விட அதிகம் வெளிவர இயற்கை இடந்தராது. எமது வீடுகளில் நீண்டகாலம் இருந்த 5 அம்பியர் செருகியின் வழியே 230 வோல்ட்டில் செல்லக்கூடிய முழு மின்சாரமே 1150 வாற்தான் என்பதை நினைவிற்கொண்டால், அந்த எண்ணின் பொய் தானாக வெளிப்படும்.

அமெரிக்காவிலும் இதே குளறுபடி இருந்தது. அம்பிளிபயர் விற்போர் வாற் அளவை எவ்வாறு அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று அங்குள்ள மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974இல் விதி வகுத்து, 2024இல் அதனை மேலும் இறுக்கியது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர் எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்ளலாகாது என்கிறது. அரிசியின் நிறையிலும் எரிபொருளின் அளவிலும் காட்டப்படும் கண்டிப்பு வாற் எண்ணிலும் காட்டப்படவேண்டும் என நாம் கேட்பது மிகையாகாது. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்த பின்னர், இறக்குமதியாகும் ஒவ்வொரு பெட்டியிலும் ஏமாறுவதன் விலையும் உயர்ந்துவிட்டது.

உண்மையில் ஒரு வீட்டுக்கு எத்தனை வாற் தேவை? ஒலிபெருக்கியின் ‘உணர்திறன்’ என்று ஓர் அளவு உண்டு. ஒரு வாற் வலு கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி வருகிறது என்பதே அது. சாதாரண விலையிலுள்ள நல்ல பெட்டிகளில் இது 85 முதல் 88 டெசிபெல் வரை இருக்கும். 86 என்று கொள்வோம். மூன்று மீற்றர் தள்ளி அமர்ந்தால் ஒலி சற்றுக் குறையும். பெட்டிகள் இரண்டு என்பதால் சற்றுக் கூடும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் செவிக்கு வருவது ஏறக்குறைய 82 டெசிபெல். இது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு வாற் கொடுத்ததன் பயன். பாதுகாப்பாகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை, வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். அப்படியாயின் நாம் நாள்தோறும் கேட்பது ஒரு வாற்றுக்கும் உட்பட்டே. இருபது வாற் கொடுத்தால் 95 டெசிபெல்லை எட்டும். படத்தில் குண்டு வெடிக்கும் கணத்துக்கு அது போதுமானது. வலுவை இரட்டித்தால் மூன்று டெசிபெல்தான் கூடும் என்பதால், நேர்மையான 20 வாற்றுக்கும் நேர்மையான 40 வாற்றுக்கும் இடையிலான வேறுபாடு செவிக்குச் சிறிதளவே. டைனமோக் காலத்து மூன்று வாற் ஏன் போதுமானதாக இருந்தது என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கும்.

ஆகவே பிரச்சினை ஒலியின் அளவில் இல்லை, தெளிவில் இருக்கிறது.

மனிதக் குரலின் உயிரெழுத்துகள் தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் பிறக்கின்றன. சொல்லைச் சொல்லாக வேறுபடுத்தும் மெய்யெழுத்துகளின் கூர்மை ஏறத்தாழ 2000 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. முதுமையில் முதலில் மங்குவதும் இந்த மேற்பகுதிக் கேள்திறனே. மலிவான ஆறு பெட்டித் தொகுதிகளின் சிறு பெட்டிகளில் மூன்று அங்குலத்துக்கும் குறைவான கூம்பு ஒன்று மட்டும் இருக்கும். அதனால் தாழ்ந்த ஒலியையும் தரமுடிவதில்லை, உயர்ந்த ஒலியைத் தெளிவாகவும் தரமுடிவதில்லை. தாழ்ந்த ஒலி முழுவதும், 200 ஹேர்ட்ஸ் வரையும்கூட, மூலையிலுள்ள பெரிய பெட்டிக்குத் தள்ளப்படுகிறது. ஆண்குரலின் அடிநாதம் 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரையில் இருப்பதால், நடிகர் திரையில் நிற்க, அவருடைய குரலின் அடிப்பாகம் கதவு மூலையிலிருந்து முழங்குகிறது. மேற்பாகம் ஷோகேஸின் மேலிருந்து கீச்சிடுகிறது. நடுவில் சொல் தொலைந்துபோகிறது.

இது திரைப்படத்துக்கு மட்டும் உரிய குறையன்று. எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இதனை விரிவாக விளக்கவேண்டியதில்லை. குர்ஆன் ஓதலில் ‘ஸீன்’, ‘ஸாத்’, ‘ஸே’ ஆகிய எழுத்துகளின் ஒலிவேறுபாடு பொருளையே மாற்றவல்லது. பிள்ளைகளுக்கு ஓதப் பழக்கும் ஒலிப்பதிவை மேற்பகுதி மங்கிய பெட்டியொன்றில் கேட்டால் மூன்றும் ஒரே சீறலாகக் காதில் விழும். தமிழில் லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்கும் இந்தக் கதிதான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலும் முஸ்லிம் சேவையிலும் உச்சரிப்புக்காகவே அறிவிப்பாளர்கள் போற்றப்பட்ட ஒரு மரபில் வந்தவர்கள் நாம். அந்த உச்சரிப்பைச் சிதைக்கும் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பது விந்தையே.

அவ்வாறாயின் எதை வாங்குவது? எமது பதில் சுருக்கமானது: ஆறுக்குரிய பணத்தில் இரண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் தாழ்ந்த, நடுத்தர ஒலிக்கென ஒரு வூபரும் உயர்ந்த ஒலிக்கென ஒரு ட்வீட்டரும் கொண்ட ஒரு சோடி. படுக்கையறைக்கு நான்கு அங்குல வூபர் போதும். மண்டபத்துக்கு ஐந்து முதல் ஆறரை அங்குலம் வரை இருப்பது நன்று. பெட்டி பிளாஸ்ரிக்காக அல்லாமல் மரத்தூட் பலகையாக இருக்கவேண்டும். விரலால் தட்டும்போது வெற்றுத் தகரம்போல ஒலித்தால் விட்டுவிடுங்கள். வணிகப் பெயர் எதனையும் நாம் இங்கு பரிந்துரைக்கப்போவதில்லை. மாதிரிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, மேற்கூறிய விதிகள் மாறுவதில்லை.

இரண்டு பெட்டிகளால் திரையரங்கின் உணர்வு கிடைக்குமா என்று கேட்பது இயல்பு. இரு ஒலிபெருக்கி முறை பிறந்ததே திரையரங்கின் குறையிலிருந்துதான். அலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் பின்னாளில் தம் மனைவியானவருடன் படம் பார்க்கச் சென்றபோது, நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் நிற்க அவர் குரல் வேறொரு பக்கத்திலிருந்து வருவதைக் கண்டு, ஒலியை நடிகரைத் தொடரச் செய்ய வழியுண்டு என்றாராம். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையே ஸ்டீரியோவின் அடித்தளமாகும். இரு செவிகளுக்கும் ஒலி வந்துசேரும் அளவிலும் நேரத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு மூளை திசையை அறிகிறது. ஒத்த இரு பெட்டிகளிலிருந்து ஒரே அளவில் வரும் குரலை அது இரண்டுக்கும் நடுவில், பெட்டியே இல்லாத வெற்றிடத்தில், நிறுத்திக் கேட்கிறது. அந்த வெற்றிடத்தில் தொலைக்காட்சியை வைத்துவிட்டால் குரல் நடிகரின் வாயிலிருந்து வருகிறது. மூன்றாவதாக ஒரு நடுப்பெட்டி இல்லாமலே இது நடந்தேறுகிறது. பின்னாலிருந்து வரும் மழையொலியும் வானூர்தி இரைச்சலும் கிடைக்காது என்பது உண்மைதான். மண்டபத்தின் பின்பக்கம் சுவர் இருந்து, பணமும் மிகுந்திருந்தால் அவற்றைப் பின்னர் சேர்க்கலாம். எமது வீடுகளில் கேட்கப்படுவதில் பெரும்பகுதி செய்தியும் தொடர்நாடகமும் கிரிக்கெட் வர்ணனையும் பழைய பாடலுமே.

பழைய பாடல்கள் இங்கு இன்னொரு விதத்தில் உதவுகின்றன. 1978இல் வெளிவந்த ‘பிரியா’ திரைப்படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை என்று பேசப்பட்டதிலிருந்தே, அதற்கு முந்திய பாடல்களில் ஏறக்குறைய எல்லாம் ஒற்றைத் தடத்தில் பதிவானவை என்பது புலனாகும். டி.எம்.சௌந்தரராஜனோ பி.சுசீலாவோ நாகூர் ஈ.எம்.ஹனீபாவோ பாடிய அக்காலப் பாடலொன்றைக் கைபேசியில் கொண்டு கடைக்குச் செல்லுங்கள். இரு பெட்டிகளுக்கும் நேர் நடுவில், சம தூரத்தில் நின்று கேளுங்கள். குரல் நடுவில், ஒரு மனிதர் நிற்பதுபோல ஒரே புள்ளியில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டிகள் ஒத்தவையல்ல. குரல் எங்கும் பரவி, அடியொலி மெலிந்து, தலைக்குள் ஒருவித அசௌகரியம் தோன்றினால், ஒரு பெட்டியின் வயர்கள் நேர், எதிர் மாற்றிப் பொருத்தப்பட்டுள்ளன என்று பொருள். ஒன்றில் மட்டும் மாற்றிப் பொருத்தினால் சரியாகிவிடும். எத்தனையோ வீடுகளில் ஆண்டுக்கணக்காக இக்குறையுடனேயே பாட்டுக் கேட்கிறார்கள்.

இரண்டாவது சோதனைக்கு எமது மண்ணிலேயே கருவி இருக்கிறது. கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே சென்றால் வரும் இணுவில், 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த ஊர். அவருடைய தவில் ஒலிப்பதிவு ஒன்றை ஒலிக்கவிடுங்கள். வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் ஒலி கூர்மையாகத் தெறிக்கவேண்டும். தொப்பியில் கழி விழும் ஒலி உடனே எழுந்து உடனே அடங்கவேண்டும். தொப்பியின் ‘தொம்’ அடுத்த அடியின்மேலும் படர்ந்து நின்றால் அது தவிலின் குணமன்று, பெட்டியின் குறை. அந்தப் படர்வையே கடைகளில் ‘பேஸ்’ என்று புகழ்கிறார்கள்.

கடையில் கேட்கும்போது ஒரு சூழ்ச்சி உண்டு. சில வேளைகளில் அது தெரியாமலும் நடப்பது. இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது சற்றுக் கூடிய சத்தத்தில் ஒலிப்பதே நல்லதுபோலத் தோன்றும். ஆகையால் இரண்டையும் ஒரே அளவான, வீட்டில் கேட்கும் சத்தத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கண்களை மூடிக் கேட்பதும் நல்லது. புளொய்ட் டூல், ஷோன் ஒலிவ் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்பித்தபோது ஒரு விதமாகவும், கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது வேறு விதமாகவும் மக்கள் மதிப்பிட்டதைக் காட்டினர். அனுபவமுள்ளோரும் இதற்கு விலக்காகவில்லை. பளபளக்கும் நீல விளக்கு எந்தச் சுரத்தையும் தூய்மையாக்குவதில்லை.

பணத்தை எவ்வாறு பங்கிடுவது? அம்பிளிபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட சோடியை வாங்கினால் அந்தக் கேள்வி எழாது; சிறு குடும்பத்துக்கு அதுவே எளிதும் மலிவும் ஆகும். தொலைக்காட்சியின் ‘ஒப்டிக்கல்’ துவாரத்துடன் நேரடியாக இணைக்கக்கூடிய சோடியாக இருந்தால் மேலும் நன்று. புளூடூத்தில் பாட்டுக் கேட்கலாம். ஆனால் படத்தில் வாய் அசைந்து சற்றுப் பிந்தியே சொல் வருவதுண்டு, ஆதலால் தொலைக்காட்சிக்கு வயரே சிறந்தது. தனித்தனியாக வாங்குவோர் பணத்தைப் பத்துப் பங்காக்கி, ஆறைப் பெட்டிகளுக்கும் மூன்றை அம்பிளிபயருக்கும் ஒன்றை வயருக்கும் தாங்கிகளுக்கும் ஒதுக்கலாம். சாதாரணச் செப்பு வயர், ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் ஒரு மண்டபத்துக்குப் போதும். விலையுயர்ந்த ‘ஒலி வயர்’ என்று விற்கப்படுவதில் பணத்தைக் கொட்டவேண்டாம்.

பாவித்த யப்பானியப் பொருட்கள் பற்றியும் கூறவேண்டும். அவற்றில் புதிய மலிவுப் பெட்டிகளைக் காட்டிலும் மிகச் சிறந்தவை கிடைப்பதுண்டு. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்நாட்டுப் பாவனைக்கெனச் செய்த அம்பிளிபயரை எமது 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அக்கணமே கருகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மற்றது, கூம்பின் ஓரத்தைச் சுற்றியுள்ள வளையம். பழைய பெட்டிகள் பலவற்றில் அது பஞ்சு நுரையால் ஆனது. எமது வெப்பத்திலும் ஈரலிப்பிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடியாகிவிடும். இறப்பர் வளையம் நீடித்து உழைக்கும். முன்துணியைக் கழற்றி, வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். கூம்பின் நடுவை இரு விரல்களால் மெதுவாக, சமமாக அழுத்துங்கள். உள்ளே உராய்கிற ஒலி கேட்டால் கம்பிச்சுருள் கோணியிருக்கிறது.

வாங்கியபின் செய்யவேண்டியதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, அதற்குப் பணம் தேவைப்படுவதில்லை என்பதாலோ என்னவோ. பாதி ஒலி பெட்டியிலிருந்து வருகிறது, மீதி அறையிலிருந்து வருகிறது. ஓட்டுக் கூரையும் மரச் சலாகையும் திறந்த முற்றமும் கொண்ட எமது பழைய நாற்சார் வீடுகள் ஒலியைத் தம்முள் உள்வாங்கிக்கொண்டன. 2009க்குப் பின் குடாநாட்டில் எழுந்த வீடுகளும், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் சோனகத்தெருப் பகுதிக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் கட்டிய வீடுகளும் பெரும்பாலும் கொங்கிறீற் தட்டும் பளிங்குத் தரையோடும் வெற்றுச் சுவர்களும் கொண்டவை. அத்தகைய மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் ‘ட்ரிங்’ என்று ஒலி சுவர்களிடையே பறப்பதைக் கேட்கலாம். ஒவ்வொரு சொல்லின் பின்னும் அதே வால் தொங்கும். தடித்த திரைச்சேலை, தரையில் ஒரு விரிப்பு, துணி உறையிட்ட இருக்கைகள், பின்சுவரில் புத்தக அலுமாரி ஆகியன அந்த வாலை வெட்டும். இவற்றுக்கு முன்னால் இன்னொரு சப் வூபர் வாங்குவது வீண்செலவு.

பெட்டிகளை ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். கண்ணாடியும் அதிரும், ஒலியும் அடைபடும். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னே, மூலையிலிருந்து விலகி, ட்வீட்டர் அமர்ந்திருப்பவரின் செவி மட்டத்தில் இருக்கவேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஏழு அடி என்றால் அமரும் இடமும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழெட்டு அடியில் இருப்பது நல்லது. நாம் மேலே கூறிய கொக்குவில் வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மூலையிலிருந்த பெரிய பெட்டியைத் தொலைக்காட்சியின் அருகே கொண்டுவந்து அதன் ஒலியைப் பாதியாகக் குறைத்தோம். முன்பெட்டிகள் இரண்டையும் சுவரின் உச்சியிலிருந்து இறக்கி இரு முக்காலிகளின்மேல் வைத்தோம். பின்பெட்டிகளைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டோம். குறை முற்றாகத் தீரவில்லை. அந்தச் சிறு கூம்புகளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அன்றிரவுச் செய்தியில் தாயார் ஒருமுறைதான் பேரனைக் கேட்டார்.

அடியொலியைக் குறைத்ததால் நன்மை பெற்றவர் இன்னொருவரும் உண்டு: அடுத்த வீட்டார். உயர்ந்த ஒலியைச் சுவரும் மதிலும் தடுக்கும். நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி சுவரூடே நடந்துசெல்லும். இரண்டு பரப்புக் காணிக்குள் வீடுகள் நெருங்கிய இக்காலத்தில், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை கேட்பது படத்தின் வசனத்தையல்ல, அதன் அதிர்வை மட்டுமே. பொது இடங்களில் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தி உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் வழங்கிய தீர்ப்பு, விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்கலாகாது என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. வரவேற்பறைச் சப் வூபருக்கு அத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் அதன் நியாயம் பொருந்தும். தனியான சப் வூபர் உள்ளவர்கள் இரவு பத்து மணிக்குப் பின் அதனை நிறுத்திவிடலாம். சொல் ஒன்றும் குறைந்துவிடாது.

இறுதியாக, எமது காலநிலை சார்ந்த ஒரு குறிப்பு. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் வரும் நாட்களில் ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. செருகியையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள். மின்வெட்டு நீங்கி மின்சாரம் திரும்பும் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்குவதால், மின்சாரம் நிலைபெற்றுச் சில நிமிடங்கள் கழித்தே அம்பிளிபயரை இயக்குங்கள். பெட்டியின் பின்புறத் துவாரம் பல்லிக்கும் எறும்புக்கும் விருப்பமான குடியிருப்பு. ஒரு துண்டு நுளம்பு வலையை அதன்மேல் ஒட்டினால் ஒலி குறையாது, பல்லியும் உட்புகாது.